முதல் ஜோடி சாக்ஸ்: 64 கண்ணிக் கணக்கு

சாக்ஸ் பின்ன ஆசை, குதிகாலை நினைத்தால் பயம் என்று ஷாலோடும் தொப்பியோடும் நின்றுவிடுகிறவர்கள் நிறைய. குதிகால் வெறும் கூட்டல் கழித்தல்தான். சாக்ஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே: பொருந்தாத நூல், தளர்ந்த பின்னல், இறுகிய தொடக்க விளிம்பு. நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மறுபின்னல்) என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் கைக்கு வந்திருந்தால் இந்த வழியில் ஒரு ஜோடியை முடித்துவிடலாம். மேல் விளிம்பில் தொடங்கி விரல் நுனியில் முடிகிற முறை இது. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையம்.

நூலும் ஊசியும்

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்வெட்டருக்கு அது பரவாயில்லை. சாக்ஸுக்கு ஆகாது: வியர்வையை உறிஞ்சாது, தடிமனாக இருந்தால் ஷூவுக்குள் கால் நுழையாது. பருத்தி நூலுக்கு இழுத்து விட்டால் சுருங்குகிற குணம் இல்லை. காலையில் போட்ட சாக்ஸ் மதியத்துக்குள் கணுக்காலில் சுருண்டு கிடக்கும். லேபிளில் 'சாக் யார்ன்' அல்லது 'ஃபிங்கரிங்' என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். 75% கம்பளி, 25% நைலான், 100 கிராமுக்கு சுமார் 400 மீட்டர் என்பது வழக்கமான கலவை. நைலானைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். தனி மெரினோ கம்பளி தொட்டால் வெண்ணெய் மாதிரிதான், ஆனால் குதிகாலில் சீக்கிரமே ஓட்டை விழும்.

ஊசி 2.25 அல்லது 2.5 மி.மீ. இரு பக்கமும் முனை உள்ள ஐந்து ஊசிகள், இல்லையென்றால் 80 செ.மீ. நீள வட்ட ஊசி ஒன்றை வைத்து மேஜிக் லூப் (நடுக் கயிற்றை வளையமாக வெளியே இழுத்துவிட்டுச் சிறிய வட்டம் பின்னும் முறை). முதல் ஜோடிக்கு மூங்கில் ஊசி நல்லது. உலோகத்தில் கண்ணிகள் வழுக்கும். கவனிக்காத நேரத்தில் ஒரு ஊசி உருவிக்கொண்டு தரையில் விழும், அதிலிருந்த 16 கண்ணியும் அனாதையாகத் தொங்கும்.

அளவுக் கணக்கு

முதலில் ஒரு மாதிரித் துண்டு. தட்டையாக இல்லாமல் வட்டமாகவே பின்னிப் பாருங்கள். பலருக்கு பர்ல் வரிசை நிட்டைவிடத் தளர்ந்து வரும், அதனால் தட்டையான துண்டு காட்டும் அளவு சாக்ஸுக்குப் பொருந்தாது. துண்டை நனைத்து, காயவைத்து, பிறகு எண்ணுங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 30 முதல் 32 கண்ணி வரவேண்டும். 28 வந்தால் ஊசியை ஒரு அளவு குறையுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை: தளர்ந்த பின்னல் உள்ளங்காலில் உராய்ந்து சீக்கிரம் தேய்கிறது.

பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 23 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் காலைவிடச் சுமார் 10% சிறியதாக இருந்தால்தான் இழுத்துப் பிடித்து நிற்கும். 23 × 0.9 = 20.7 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 3.1 கண்ணி என்றால் 20.7 × 3.1 = 64. கிடைக்கும் எண்ணை 4-ஆல் வகுபடும் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் 64-ஐ வைத்துத்தான்.

விளிம்பும் கால் பகுதியும்

64 கண்ணி போடுங்கள். சாதாரண லாங் டெயில் முறைதான் (நீளமாக விட்ட நூல் வாலையும் சேர்த்துக் கண்ணி போடுவது) தெரியும் என்றால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் போடுங்கள், பிறகு ஒன்றை உருவிவிடுங்கள். இழுவை கூடுதலாக வேண்டுமென்றால் ஜெர்மன் ட்விஸ்டட் முறை, அதாவது லாங் டெயிலிலேயே நூலை ஒரு முறை கூடுதலாக முறுக்கிப் போடுவது. விளிம்பு அளக்க வேண்டியது கணுக்காலை அல்ல. சாக்ஸ் போடும்போது அது தாண்ட வேண்டிய பெரிய சுற்று குதிகாலிலிருந்து கணுக்கால் வளைவு வரைக்கும் சாய்வாக ஓடுகிறது, 23 செ.மீ. பாதத்துக்கு அது 30 செ.மீ.க்கு மேல் இருக்கும். நான்கைந்து சுற்று பின்னியதும் விளிம்பை இழுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 30-ஐத் தொடவில்லையா, பிரித்துவிடுங்கள். ஐந்து சுற்றைப் பிரிப்பது, முடிந்த சாக்ஸ் குதிகாலில் மாட்டி நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

கண்ணிகளை நான்கு ஊசிகளில் 16, 16 ஆகப் பிரித்து வட்டமாகச் சேருங்கள். சேர்க்கும் முன் மேசைமேல் வைத்து, விளிம்பின் முடிச்சு வரிசை முழுக்க உள்பக்கம் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். ஒரே ஒரு முறுக்கு இருந்தாலும் பின்னால் திருத்த முடியாது.

2 நிட், 2 பர்ல் என்று மாறி மாறி ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) 16 சுற்று. பிறகு விளிம்பிலிருந்து 15 செ.மீ. வரும்வரை வெறும் நிட். இரண்டு ஊசிகள் சந்திக்கும் இடத்தில் ஏணிப்படி மாதிரி இடைவெளி விழுந்தால் முதல் கண்ணியை வெறியோடு இழுக்காதீர்கள். இரண்டாவது கண்ணியை பின்னிய பிறகு நூலை லேசாக இழுத்தால் சரியாகும்.

குதிகால்

முதல் இரண்டு ஊசிகளின் 32 கண்ணிகளில் மட்டும் இப்போது முன்னும் பின்னுமாகப் பின்னப்போகிறோம். மற்ற 32 புறங்காலுக்கு, அப்படியே காத்திருக்கட்டும். முன்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டு அடுத்ததை நிட் செய்யுங்கள். கடைசிவரை இதே மாதிரி. பின்பக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் நழுவவிட்டு மீதியை பர்ல் செய்யுங்கள். இப்படி வரும் தட்டைத் துண்டுதான் குதிகால் மடல். நழுவும் கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் இந்த மடல் இரட்டைத் தடிமன் ஆகும். ஷூ உரசுவது இங்கேதானே.

மொத்தம் 32 வரிசை. எண்ண மறந்துபோனால் மடலின் ஓரத்தைப் பாருங்கள்: பெரிய சங்கிலிக் கண்ணிகள் தெரியும், இரண்டு வரிசைக்கு ஒன்று. பதினாறு சங்கிலி வந்ததும் நிறுத்துங்கள்.

அடுத்து திருப்பம். பலர் பயப்படும் வித்தை இதுதான்.

வரிசை 1: ஒன்றை நழுவவிட்டு 17 நிட். அடுத்த இரண்டையும் எஸ்.எஸ்.கே. (ஒவ்வொன்றாக நிட் திசையில் வலது ஊசிக்கு மாற்றி, பின்பக்கமாக இரண்டையும் சேர்த்து நிட்), பிறகு 1 நிட். இடது ஊசியில் 11 கண்ணி மிச்சம் இருக்கும். அவற்றைத் தொடாமல் திருப்புங்கள்.

வரிசை 2: ஒன்றை நழுவவிட்டு 5 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல். இந்தப் பக்கமும் 11 மிச்சம். திருப்புங்கள்.

திருப்பிய இடத்தில் ஒரு இடைவெளி கண்ணுக்குத் தெரியும். இனி ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை நழுவவிட்டு, இடைவெளிக்கு முந்தைய கண்ணி வரை பின்னுங்கள், அந்தக் கண்ணியையும் இடைவெளியைத் தாண்டிய கண்ணியையும் சேர்த்துக் குறையுங்கள் (முன்பக்கத்தில் எஸ்.எஸ்.கே., பின்பக்கத்தில் சேர்த்து பர்ல்), இன்னொன்று பின்னித் திருப்புங்கள். இப்படி ஒவ்வொரு பக்கமும் வரிசைக்கு இரண்டு கண்ணி கரையும்: 11, 9, 7, 5, 3, 1. கடைசி இரண்டு வரிசையில் ஓரத்தில் ஒன்றுதான் இருக்கும். குறைத்த பிறகு பின்ன வேறு கண்ணி கிடையாது. தப்பு செய்துவிட்டோமோ என்று இந்த இடத்தில் பிரித்தவர்கள் பலர். தப்பில்லை, 64-இன் கணக்கே அப்படி. 60 கண்ணி சாக்ஸில் (மடல் 30, முதல் வரிசையில் 16 நிட்) இது வராது, சரியாகத் தீர்ந்துவிடும். முடிவில் ஊசியில் 18 கண்ணி. துணி கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும்.

ஓர முக்கோணம்

18-ஐயும் நிட் செய்து, மடலின் ஓரம் வழியாக 16 சங்கிலியிலிருந்தும் 16 கண்ணி எடுங்கள். மடலும் புறங்காலும் சேரும் மூலையில் கூடுதலாக ஒன்று எடுங்கள், ஆக 17. பிறகு புறங்கால் 32 நிட். அடுத்த ஓரத்தில் அதேபோல 17, மூலையிலிருந்து தொடங்கி. குதிகாலின் 9 கண்ணியை நிட் செய்து நிறுத்துங்கள். இனி சுற்று தொடங்கும் இடம் உள்ளங்காலின் நடு: அங்கிருந்து முதல் மூலை வரை முதல் ஊசி, அடுத்த மூலையிலிருந்து நடு வரை கடைசி ஊசி. 18 + 17 + 32 + 17 = 84.

அந்தக் கூடுதல் கண்ணி இல்லையென்றால் மூலையில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை விழும். எடுத்த கண்ணிகளை அடுத்த சுற்றில் பின்பக்கமாக நிட் செய்தால் இன்னும் இறுகும்.

பிறகு ஒரு சுற்று குறைப்பு, ஒரு சுற்று வெறும் நிட். குறைப்புச் சுற்றில் முதல் ஊசியில் கடைசி 3 கண்ணி வரும்வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். புறங்கால் மாறாமல் வரட்டும். கடைசி ஊசியில் 1 நிட், எஸ்.எஸ்.கே., மீதி நிட். 84-இலிருந்து 64-க்கு இறங்க 10 குறைப்புச் சுற்று.

பாதமும் விரல் முனையும்

பாத நீளம் 24 செ.மீ. என்றால் சாக்ஸ் 23 இருந்தால் போதும். விரல் முனைக்கு 5 செ.மீ. விட்டு, குதிகாலின் பின்கோடியிலிருந்து 18 வரும்வரை நிட்.

முனையில் ஒரு குறைப்புச் சுற்றுக்கு நான்கு கண்ணி: உள்ளங்கால் ஊசிகளில் மேலே சொன்ன மாதிரியே, புறங்காலில் தொடக்கத்தில் 1 நிட், எஸ்.எஸ்.கே., முடிவில் சேர்த்து நிட், 1 நிட். ஒன்று விட்டு ஒரு சுற்றில் 8 முறை குறைத்தால் 32. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 4 முறை, 16. முதல் ஊசியில் இருக்கும் 4 கண்ணியை நிட் செய்துவிடுங்கள், நூல் ஓரத்துக்கு வந்துவிடும். உள்ளங்கால் 8, புறங்கால் 8 என்று இரண்டு ஊசிகளை இணையாகப் பிடித்து, 30 செ.மீ. நூல் விட்டு வெட்டி, மழுங்கிய தையல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

இதை மூடும் தையலுக்குக் கிச்சனர் என்று பெயர், முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் மட்டும் முன் ஊசியின் முதல் கண்ணிக்குள் பர்ல் திசையிலும், பின் ஊசியின் முதல் கண்ணிக்குள் நிட் திசையிலும் நூலை விடுங்கள். எதையும் இறக்க வேண்டாம். பிறகு மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போகலாம் (இறக்கு என்றால் கண்ணியை ஊசியிலிருந்து கழற்று, நிறுத்து என்றால் ஊசியிலேயே விடு). முன்: நிட் இறக்கு, பர்ல் நிறுத்து. பின்: பர்ல் இறக்கு, நிட் நிறுத்து. நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். எந்த அடியில் விட்டோம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. தையலை இறுக்காமல் போட்டு, கடைசியில் ஒவ்வொரு கண்ணியாக நூலை இழுத்துச் சமன் செய்யுங்கள்.

நூல் முனைகளை உள்பக்கம் ஒளித்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீர்ப்பாரம் இழுத்து நீண்டுவிடும்.

ஒரு ஜோடிக்கு 70 முதல் 80 கிராம் ஆகும். இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் கை இறுக்கம் மாறிவிடும், அதனால் அன்றைக்கே அடுத்ததற்குக் கண்ணி போட்டுவிடுங்கள். கால் பகுதி எத்தனை சுற்று, பாதம் எத்தனை சுற்று என்று முதலாவதிலேயே சீட்டில் குறித்து வையுங்கள். டேப்பால் அளந்து ஒத்துப்பார்த்தால் அரை செ.மீ. ஏமாற்றும், சுற்று எண்ணிக்கை ஏமாற்றாது.