மருந்துவாழ் மலை: சின்ன மலைதானே என்று கிளம்புகிறவர்களுக்கு

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். வாசலில் கடல் இருந்தும் பக்கத்தில் ஒரு குன்று கிடையாது. அதனாலோ என்னவோ, கன்னியாகுமரி போகும்போது 'மருந்துவாழ் மலை உச்சியிலிருந்து கடல் தெரியும்' என்று கேள்விப்பட்டதும், காந்தி மண்டபத்தைப் பார்க்கிற கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நேரத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் குமரி. சூரிய உதயம், குளியல், இட்லி, விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசை எல்லாம் முடித்து மலையடிவாரத்துப் பொற்றையடிக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். ஏற ஏற நிழல் குறையும். பாறை அனலைக் கக்கும். முதல் நாள் ஊர் சுற்றுங்கள், மறுநாள் விடிந்ததும் மலை. கடல்காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகமே தெரியாது. தெரிகிறபோது தலை சுற்றும். மேலே கடை இருக்கும் என்று நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே படிகளைப் பார்த்துவிட்டு ரப்பர் செருப்போடு கிளம்புகிறவர்கள் உண்டு. படி முடிந்தபின் கரடுமுரடான பாறைதான் வழி. கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் ஓடி விளையாடிய காசிமேட்டுப் பையன்களுக்கும் அந்தப் பழக்கம் இங்கே உதவாது. அங்கே வழுக்கும் பாசி கண்ணுக்குத் தெரியும். இங்கே காய்ந்த பாறைமேல் பொடிச் சரளை. ஏறும்போது சும்மா இருந்துவிட்டு இறங்கும்போது காலை வாரும். இறங்கும்போது அவசரப்பட்டு, அன்று ராத்திரி ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏற முடியாமல் கீழ் பெர்த்துக்காரரிடம் கெஞ்சியவன் நான். போவதற்கு முன் பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்துப் பரங்கிமலைக்கு நாலு தடவை போய் வாருங்கள். சுமார் 300 அடிதான், முழுக்கப் படிதான். ஆனால் முட்டியின் நிலவரம் தெரிந்துவிடும்.

மழை விஷயத்திலும் ஏமாறுவோம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. குமரிக்கு ஜூன் மாதத்து மழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளையே சுழற்றுகிறது. பாறை விளிம்பில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஐதீகம். அதை நம்பி, கண்ட இலையையும் மூலிகை என்று பறித்து மெல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கேரளத்துத் துறவி நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகையில் யாராவது கண்மூடி உட்கார்ந்திருந்தால் செல்ஃபியைத் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாட்டைக் கையில் கவரோடு ஆட்டிக்கொண்டு போகாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். கவர் சரசரக்கிற சத்தம் அங்கத்திய குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும்.