சிகாகோ 1893: முதல் வெண்கலப் பதக்கம் வாங்குவது எப்படி?

உலகக் கண்காட்சிப் பதக்கங்களைச் சேர்க்க ஆசையா? எடுத்ததுமே எல்லா ஊர்க் கண்காட்சிகளையும் துரத்த வேண்டாம். 1893-இல் கொலம்பஸின் நினைவாகச் சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகக் கண்காட்சியின் பரிசுப் பதக்கம் ஒன்றே ஒன்று போதும். ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டதால் இன்றும் ஏலங்களில் கிடைக்கிறது.

படி 1: இரண்டு பக்கங்களையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் கொலம்பஸ் கரையில் கால் வைக்கிறார். வடித்தவர் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கோடன்ஸ். பின்பக்கத்துக்கு அவர் ஆடையில்லாத இளைஞன் ஒருவனை வடித்துக் கொடுக்க, ஆபாசம் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அமெரிக்க நாணயச்சாலையின் சார்லஸ் பார்பர் செய்த பின்பக்கத்தை ஒட்டவைத்தார்கள். இந்த இழுபறியில் பரிசு வென்றவர்கள் 1896 வரை காத்திருந்தார்கள். முன்பக்கத்தின் உயிர்ப்பு பின்பக்கத்தில் இல்லை என்பது என் கட்சி.

படி 2: பெயரைப் பாருங்கள். பின்பக்கத்தில் பரிசு பெற்றவரின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். பெயருள்ள துண்டை மட்டும் அச்சில் மாற்றி மாற்றிப் பொருத்தி அடித்தார்கள். பதக்கத்துக்குக் கதை கிடைப்பதே இங்கேதான். இலங்கை அங்கே தனி மண்டபம் போட்டுத் தேயிலை பரிமாறியது; இலங்கையிலிருந்து போன யாருடைய பெயராவது கண்ணில் பட்டால் நான் பேரம்கூடப் பேசமாட்டேன்.

படி 3: அசலா என்று சோதியுங்கள். குறுக்களவு சுமார் 76 மி.மீ. வார்ப்பு நகல் என்றால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சற்றுச் சிறுத்திருக்கும். லென்ஸில் பார்த்தால் ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய எழுத்தும் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் அது மின்முலாம் முறையில் செய்த இரண்டு ஓடுகளைச் சேர்த்த நகல்.

படி 4: தேய்க்காதீர்கள்! பித்தளைக் குத்துவிளக்கைப் பார்த்துப் பழகிய கை புளியைத் தேடும். அந்தப் பழுப்பு மேற்பூச்சு போனால் விலையும் போச்சு. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது உலோகத்தை அரிக்கும் களிம்பு. மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

படி 5: பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். பாலித்தீன் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். அப்புறம், பதக்கத்தோடு கொடுத்த அலுமினியப் பெட்டியும் சேர்ந்து வந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.