பதினான்கு பேருக்கு ஒரு சர்வர்: சொந்தமாக வைத்து நடத்துவது எப்படி

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்க்கிற பதினான்கு பேர் இருக்கிறோம். பத்து வருடக் குறிப்புகளும் படங்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசச் சேவையில் கிடந்தன. அவர்கள் அதை இழுத்து மூடியபோது கையில் சிக்கியதை அள்ளிக்கொண்டு வந்தோம், பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் குறிப்பும் படமும் பதிவாகப் போட்டு ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம் ஒன்றுக்கு, சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வைத்தோம், இன்றுவரை ஓடுகிறது. வாசகர் வட்டமோ, தெருக்காரர்களோ, பழைய ஹாஸ்டல் நண்பர்களோ, உங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் எந்த மென்பொருள் என்று பார்ப்போம். ஆக்டிவிட்டிபப் என்று ஒரு நெறிமுறை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழி, இருக்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. வெவ்வேறு நிறுவனங்களில் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சல் போட்டுக்கொள்வதுபோல, இதைப் பேசும் சர்வர்களில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பின்தொடரலாம், பதில் போடலாம். இதைப் பேசும் மென்பொருள்களில் 2016இல் வந்த மாஸ்டடான்தான் பிரபலம். ஆனால் அதற்கு போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று துணை நிரல்களின் ஒரு பட்டாளமே ஓட வேண்டும், பதினான்கு பேருக்கு அது அதிகம். நாங்கள் வைத்திருப்பது கோடூசோஷியல் என்ற சின்ன மென்பொருள். ஒரே ஒரு நிரல் கோப்பு, தரவுகளுக்கு எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளம், இருபது பேருக்குள் என்றால் 250 முதல் 350 எம்பி ரேம் போதும். படித்து எழுத அதற்கென்று சொந்தத் திரை கிடையாது, போனில் டஸ்கி, கணினி உலாவியில் ஃபேன்பி என்று ஏதாவது ஒரு செயலியின் வழியாகத்தான் நுழைய வேண்டும். எங்களில் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் டஸ்கியை அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார்.

அடுத்து டொமைன் பெயர், அதாவது சர்வரின் இணைய முகவரி. இதில் அவசரப்படாதீர்கள். சர்வர் ஒருமுறை வெளியுலகத்தோடு பேசத் தொடங்கிவிட்டால் அதன் பெயரை மாற்ற முடியாது, மற்ற சர்வர்கள் எல்லாம் உங்கள் ஆட்களை அந்தப் பெயரோடும், அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சாவியோடும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கும். அமைப்புக் கோப்பில் சர்வர் இருக்கும் முகவரி ஒன்று, ஆட்களின் பெயருக்குப் பின்னால் வரும் முகவரி ஒன்று என்று இரண்டு இடங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் முதல்முறை இயக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொன்று, டொமைன் யார் பெயரில் இருக்கிறது, யார் கார்டிலிருந்து பணம் போகிறது, அந்த கார்டு எப்போது காலாவதியாகிறது என்பதையும் குழுவில் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். டொமைன் கைவிட்டுப் போனால் சர்வர் நன்றாக ஓடியும் பயன் இல்லை.

வீட்டிலேயே பழைய லேப்டாப்பில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் வெளி இணைப்புக்கு என்ன ஐபி முகவரி காட்டுகிறது என்று பாருங்கள். அது 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம், வெளியிலிருந்து யாரும் உங்கள் லேப்டாப்பின் கதவைத் தட்ட முடியாது. நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவும் இப்படித்தான். கரண்ட் போவதையும் சேர்த்து யோசித்தால், 1 ஜிபி ரேம் உள்ள ஒரு விபிஎஸ்ஸை, அதாவது ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில் ஓடும் மெய்நிகர் கணினியை, மாத வாடகைக்கு எடுப்பது நிம்மதி. வீட்டில்தான் வைப்பேன் என்றால் மெமரி கார்டில் தரவை வைக்காதீர்கள், ஓயாமல் எழுதி எழுதி அது சீக்கிரம் செத்துவிடும், ஒரு எஸ்எஸ்டி போடுங்கள்.

நிறுவுவது ஒரு மாலை வேலை, கோடூசோஷியலின் ஆவணம் தெளிவாக இருக்கிறது, அதன்படியே போங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கடவுச்சொல் நுழைவை மூடி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியைச் சாவியால் மட்டும் திறப்பதுபோல வைத்து, ஃபயர்வாலில் இணையப் பக்கங்களுக்கான 80, 443 வாசல்கள், எஸ்எஸ்எச் வாசல் என மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறும்படி செய்யுங்கள். இணைப்பைப் பாதுகாக்கும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை, அமைப்புக் கோப்பில் சொல்லிவிட்டால், கோடூசோஷியலே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். புதுக் கணக்குப் பதிவு மூடியே இருக்கட்டும், ஆட்களை நீங்களே கையால் சேருங்கள்.

ஒரு மார்கழிக் காலையில் ஆறு மணிக்கு போன். "அண்ணே, கூழைக்கடா படம் ஏறமாட்டேங்குது." குழு நண்பர் ஒருவர் ஏரியிலிருந்தே பேசினார். பார்த்தால் 25 ஜிபி டிஸ்க் முழுக்க நிரம்பியிருந்தது. நாங்கள் போட்ட படங்கள் 3 ஜிபிகூட வராது. மீதி எல்லாம், நாங்கள் பின்தொடர்ந்த வெளிநாட்டுப் பறவைப் படக்காரர்களின் படங்கள். வெளி சர்வர்களில் வரும் படத்தை நம் சர்வர் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், இயல்பாக ஏழு நாள். அதை இரண்டு நாளாகக் குறைத்தேன், டிஸ்க் 80 விழுக்காட்டைத் தொட்டால் எனக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தேன். நீங்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

பேக்கப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பத்து வருடக் குறிப்பு போன கதைக்கு இதுதான் மருந்து. காக்க வேண்டியவை மூன்று: தரவுத்தளம், அமைப்புக் கோப்பு, உங்கள் ஆட்கள் ஏற்றிய படங்கள். வெளிப் படங்களின் பிரதி வேண்டாம், தேவைப்படும்போது மறுபடி வந்துவிடும். ஒவ்வொரு கணக்கின் சாவியும் தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது, அது போனால் அதே பெயரில் மறுபடி கணக்கு தொடங்கினாலும் மற்ற சர்வர்கள் நம்பாது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்க்யூலைட் கோப்பைச் சும்மா நகல் எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும். எஸ்க்யூலைட்டிலேயே பேக்கப் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு எடுங்கள். தினமும் இரவு ஒரு பிரதி, அதுவும் வேறு இடத்துக்குப் போக வேண்டும். எங்களுடையது என் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை, இணையத்தைத் துண்டித்த ஒரு கணினியில் திறந்து கடைசி வாரத்துப் பதிவுகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கிறேன். முதல் தடவை அப்படிப் பார்த்தபோதுதான் படங்களின் கோப்புறையே பேக்கப்பில் சேரவில்லை என்று தெரிந்தது. புதுப் பதிப்புக்கு ஏற்றும் முன்பும் ஒரு பிரதி எடுங்கள். ஏற்றும்போது தரவுத்தளத்தை மாற்றியமைக்க நேரமாகலாம், பொறுமை இழந்து நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஆட்களிடம் சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தனிச்செய்தி என்று இருந்தாலும் அது பூட்டிய கடிதம் ஆகாது, சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும், ரகசியம் பேச சிக்னல் செயலி போன்ற வேறு வழி இருக்கிறது. அழித்த பதிவை மற்ற சர்வர்களும் அழிக்கும்படி செய்தி போகும், ஆனால் எல்லாம் அழித்தே தீரும் என்று உத்தரவாதம் இல்லை. எங்களுக்கு இது பெரிய விஷயம், கூடு இருக்கும் மரத்தின் இடம் வெளியே தெரிந்தால் கேமராவோடு கூட்டம் வந்துவிடும். படத்தோடு ஒட்டிவரும் இடக்குறிப்பை கோடூசோஷியல் ஏற்றும்போதே நீக்கிவிடுகிறது, நல்லது. ஆனாலும் கூடுகட்டும் காலத்தில் ஏரியின் பெயரையே எழுதுவதில்லை என்று முதல் விதியாக வைத்திருக்கிறோம். தொல்லை தரும் சர்வர் எதுவாவது வந்தால் அதை முழுதாகத் தடுக்கலாம். தொடக்கத்தில் பயமாக இருந்தால் நீங்கள் அனுமதிக்கும் சர்வர்களோடு மட்டும் பேசும்படியும் வைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் இரண்டாவது நிர்வாகி ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் கை வைக்காமல், அவரையே சர்வரை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கச் சொல்லுங்கள், பேக்கப்பிலிருந்து மீட்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அப்புறம் ஆட்களைக் கூப்பிடுங்கள். புது சர்வரில் வெளியுலகப் பதிவு எதுவும் தானாக வராது, யாராவது யாரையாவது பின்தொடர்ந்தால்தான் வரத் தொடங்கும், அதனால் முதல் நாள் எல்லோரும் சேர்ந்து ஒருவரையொருவர் பின்தொடர்ந்துவிட்டு, வெளியில் ஆளுக்கு நான்கைந்து பேரைத் தேடிச் சேருங்கள். நாங்கள் அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தோம், அங்கேயே எடுத்த மீன்கொத்திப் படம்தான் எங்கள் சர்வரின் முதல் பதிவு.