டியூப் ஆம்பில் நல்ல டிஸ்டார்ஷன்: பெடலை மிதிக்கும் முன் ஆம்பைக் கவனியுங்கள்

எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புதிதாக டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதி) வாங்கும் பலரும் முதலில் செய்வது, கெயின் குமிழை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கானது) முழுதாகத் திருப்பி வைப்பதுதான். வருவது தேனீக்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல். ஸ்வரம் எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. உடனே பெடலை மாற்றத் தோன்றும். தேவையில்லை. டியூப் ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தால் டிஸ்டார்ஷனில் பெரும்பங்கை ஆம்பே தர வேண்டும். பெடலின் வேலை, அந்த ஆம்பை முன்னாலிருந்து தள்ளிவிடுவது. இந்த வரிசையில் போனால் சாதாரணப் பெடலிலும் அருமையான டோன் கிடைக்கும்.

உங்களிடம் 5 முதல் 20 வாட்டுக்குள் ஒரு டியூப் ஆம்பும், டியூப் ஸ்க்ரீமர் வகையில் ஓர் ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்) பெடலும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஐபனெஸின் பச்சை நிற டிஎஸ்9 ஆகட்டும், பாஸின் மஞ்சள் நிற எஸ்டி-1 ஆகட்டும், எதுவும் சரிதான்.

முதல் படி: ஆன் செய்யும் முன்

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போக வாய்ப்புண்டு. ஆம்பிலேயே அது விலை கூடிய பாகங்களில் ஒன்று. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒன்றாக இருக்கும் காம்போ என்றாலும், பின்பக்க ஜாக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தனி கேபினெட் என்றால் அதில் போட்டிருக்கும் ஓம் அளவும் (4, 8 அல்லது 16) ஆம்பின் அவுட்புட்டும் பொருந்த வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்த ஆம்ப் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கக்கூடும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தகுந்த ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகாதீர்கள். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தால், பவரைப் போட்டு ஒரு நிமிடம் டியூபுகள் சூடாக விட்டு, அப்புறம் அதைப் போடுங்கள். ஆம்பைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.

இரண்டாம் படி: பெடல் இல்லாமல் ஆம்ப் மட்டும்

கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். கிட்டாரின் வால்யூம் முழுதாக இருக்கட்டும். பேஸ், மிட், டிரெபிள் மூன்றையும் 12 மணி நிலையில் (கடிகார முள் போல, குமிழின் குறி நேர் மேலே) வையுங்கள்.

ஆம்பு தரையில் உங்கள் முழங்காலைப் பார்த்து நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் கேட்பது பாதி டோன்தான். ஸ்பீக்கர் டிரெபிளை நேர்முன்னே ஒரு கற்றையாக அனுப்புகிறது. பக்கவாட்டிலும் மேலேயும் அது குறைவாகவே வந்து சேரும். நின்றபடி கேட்டு டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சாய்த்து வையுங்கள், அல்லது ஸ்டூல் மேல் ஏற்றிக் காது மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது வால்யூமை மெதுவாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் ஒரே கார்டை முதலில் மென்மையாக, அடுத்து ஓங்கி வாசித்துப் பாருங்கள். ஓர் இடம் வரும்: மென்மையாகத் தொட்டால் சுத்தமான ஒலி, ஓங்கி அடித்தால் ஓரத்தில் லேசான கரகரப்பு. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நமக்கு வேண்டிய அடித்தளம் அதுதான்.

அங்கே நடப்பது இது. ஒரு டியூபால் ஓரளவுக்கு மேல் சிக்னலைப் பெருக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டும் அலையின் உச்சி தட்டையாகிவிடும். தட்டையாகும்போது மூல ஸ்வரத்தில் இல்லாத புதிய ஹார்மானிக்ஸ் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) பிறக்கின்றன. டியூப் இதைச் சட்டென்று வெட்டாமல் படிப்படியாக மழுக்குகிறது. விரலின் அழுத்தத்துக்கேற்ப டோன் மாறுவது அதனால்தான். இந்தக் கரகரப்புக்காக ஆரம்பகாலக் கலைஞர்கள் செய்யாதது இல்லை. கிட்டார் கலைஞர் லிங்க் ரே 1958-ல் ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-ல் ஸ்பீக்கர் கோனைப் பிளேடால் கீறினார்.

மாஸ்டர் வால்யூம் (கடைசியாக வெளிவரும் சத்தத்துக்கான குமிழ்) உள்ள ஆம்ப் என்றால் கொஞ்சம் மாற்றம். மாஸ்டரை வீட்டார் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ஏற்றிவைத்து, கெயினைக் கீழிருந்து மேலே கொண்டுவாருங்கள். "30 வாட்டுக்குப் பதில் 15 வாட் வாங்கினால் சத்தம் பாதியாகும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற வாட் சுமார் பத்தில் ஒன்றாக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் வாசிப்பவர்களுக்கு நல்ல மாஸ்டர் வால்யூமோ, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டரோதான் நிஜமான உதவி.

மூன்றாம் படி: பேஸைக் குறையுங்கள்

தனியாக வாசிக்கும்போது பேஸ் நிறைய இருந்தால் சுகமாகத்தான் இருக்கும். டிஸ்டார்ஷனில் அதுவே எதிரி. கீழ் அதிர்வெண்களில்தான் சிக்னலின் பலம் அதிகம். அவை டியூபை முதலில் நிரப்பிவிட்டால் மேலே உள்ளவை மூச்சுத் திணறும். டோன் தொளதொளவென்று ஆகிவிடும்.

எந்த வகை ஆம்ப் என்பதும் இங்கே முக்கியம். பழைய ஃபென்டர் பாணி ஆம்புகளில் டோன் குமிழ்கள் முதல் டியூப் கட்டத்தை ஒட்டியே வந்துவிடும். டிஸ்டார்ஷன் அதற்குப் பிறகு உருவாகிறது. அதனால் வால்யூமைக் கூட்டும்போதெல்லாம் பேஸை இறக்க வேண்டும், 9 மணி, 8 மணி வரைகூட. மார்ஷல் பாணியில் டோன் குமிழ்கள் ப்ரீஆம்ப் (ஆம்பின் முதல் பெருக்கும் பகுதி) டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருவதால், பேஸைக் கூட்டினாலும் அவ்வளவு கலங்காது.

மிட்டை மட்டும் குறைக்காதீர்கள். மிட்டைக் குழியாக்கி பேஸையும் டிரெபிளையும் ஏற்றிய டோன் அறையில் தனியாகக் கேட்க பிரமாண்டமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் காணாமல் போகும். கிட்டார் வாழும் இடம் மிட்தான். 2 மணி வரை தைரியமாக ஏற்றுங்கள். ஃபென்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் போல மிட் குமிழே இல்லாத ஆம்பில் பேஸ், டிரெபிள் இரண்டையும் இறக்கி வால்யூமைக் கூட்டினால் மிட் தானாக முன்னே வரும்.

நான்காம் படி: இப்போது பெடல்

பெடலைச் செருகி, டிரைவை (பெடலின் கெயின் குமிழ்) ஏறக்குறைய பூஜ்யத்தில் வையுங்கள். 8 மணி போதும். டோன் 12 மணி. லெவல் 2 அல்லது 3 மணி. மிதியுங்கள்.

டிரைவே இல்லாமல் டிஸ்டார்ஷன் எப்படி வரும் என்று கேட்கலாம். பெடல் இங்கே டிஸ்டார்ஷன் செய்யவில்லை, சிக்னலைப் பெரிதாக்கி ஆம்பின் முதல் டியூபுக்குள் அனுப்புகிறது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஆம்பு எல்லை தாண்டுகிறது. கேட்பது டியூபின் டிஸ்டார்ஷன்.

இதற்கு டியூப் ஸ்க்ரீமர் ஏன் இவ்வளவு பேர் பெற்றது என்றால், அதன் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைக் குறைவாகவே பெருக்குகிறது. மேலே டோன் குமிழ் மிகையான டிரெபிளை வடிகட்டுகிறது. நடுவில் மிட் மேடாக நிற்கிறது. அதாவது, மூன்றாம் படியில் நாம் கையால் செய்த வேலையை இது ஆம்புக்கு முன்னாலேயே செய்துவிடுகிறது. ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வாஹன் ஃபென்டர் ஆம்புகளைத் தள்ளியதும் இந்தப் பச்சைப் பெடலை வைத்துத்தான். மெட்டல் வாசிப்பவர்கள் ஏற்கெனவே கெயின் நிறைந்த ஆம்பின் முன்னால் டிரைவைப் பூஜ்யமாக்கி, லெவலை முழுதாக்கி வைப்பதும் இதே காரணத்துக்காக. பாம் மியூட் செய்யும்போது (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது) கீழ்க்கம்பி இறுக்கமாக, வெட்டியது போல நிற்கும்.

மிதித்ததும் சத்தம் மட்டும் எகிறி, கரகரப்பு கூடவில்லையா? ஆம்ப் இன்னும் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்பி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சத்தம் அதிகம் கூடாமல் டோன் தடித்தால் சரியான இடம். இன்னும் வேண்டுமென்றால் டிரைவை 10 மணி வரை கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: வாசித்துச் சோதியுங்கள்

ஆறு கம்பி மேஜர் கார்டை இந்த டோனில் அடித்துப் பாருங்கள், குழம்பும். பவர் கார்ட் (மூல ஸ்வரமும் அதன் ஐந்தாவதும் மட்டும்) அடித்தால் தெளியும். இது உங்கள் கைத்தவறல்ல. இரண்டு ஸ்வரங்கள் டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறக்கும். மூல ஸ்வரமும் அதன் ஐந்தாவதும் 2:3 விகிதம்; வித்தியாசம் 1, அதாவது மூல ஸ்வரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே. அதனால் பவர் கார்ட் இரண்டு விரலில் மலைபோல் கேட்கிறது. மேஜர் மூன்றாவது ஸ்வரமோ கிட்டாரின் சம இடைவெளி ட்யூனிங்கில் சரியான 4:5 விகிதத்தைவிட சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) ஏறியிருக்கும். பிறக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முழு கார்ட் வேண்டிய பாட்டு என்றால் கெயினைக் குறைப்பதே வழி.

அடுத்து, கிட்டாரின் வால்யூமை 6-க்கு இறக்குங்கள். டோன் ஓரளவு சுத்தமானால் உங்கள் அமைப்பு சரி. இறக்கினாலும் அதே கரகரப்பு என்றால் எங்கோ கெயின் மிஞ்சியிருக்கிறது.

ஆறாம் படி: வேறு பெடல் என்றால்

ராட், பாஸ் டிஎஸ்-1, பிக் மஃப் போன்றவை தாங்களே டிஸ்டார்ஷன் செய்பவை. இவற்றுக்கு ஆம்பைச் சுத்தமாக வைப்பது நல்லது. ராட்டின் ஃபில்டர் குமிழ் தலைகீழ்: கூட்டினால் டிரெபிள் குறையும். பிக் மஃபில் மிட் குழியாக இருப்பதால் ஆம்பின் மிட்டை ஏற்றியே தீரவேண்டும். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலைக் கிட்டாருக்கு அடுத்தே, எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். இடையில் வேறு பெடல் வந்தால் அதன் குணம் கெடும்.

ஏழாம் படி: இரைச்சலும் டிலேயும்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். வாங்கும் அடாப்டரில் அந்தக் குறியைப் பாருங்கள். பல பெடல்களுக்கு ஒரே அடாப்டரைக் கிளைபிரித்துக் கொடுப்பதைவிட, தனித்தனி ஐசொலேட்டட் அவுட்புட் உள்ள பவர் சப்ளை இரைச்சலை நன்றாகக் குறைக்கும். சிங்கிள் காயில் பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருக்கத்தான் செய்யும். ஆம்பிலிருந்து நகர்ந்து, உடலைக் கொஞ்சம் திருப்பி நின்று பாருங்கள், ஓரிடத்தில் அடங்கும்.

டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) இரண்டும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வர வேண்டும். கரகரப்பு ஆம்பின் ப்ரீஆம்பில் உருவாகிறது என்பதால், பின்பக்கத்தில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்குப் பின்னே பெடலைச் செருகும் ஜாக்குகள்) இருந்தால் அதில் செருகுங்கள். ஃபென்டரின் ப்ளூஸ் ஜூனியர் போல லூப் இல்லாத ஆம்பில் டிலேயை ஓவர்டிரைவுக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, அதன் மிக்ஸை 9 மணிக்கு மேல் போகவிடாதீர்கள்.