புயலின் சமன்பாட்டில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

காற்றின் இயக்கச் சமன்பாட்டை முதன்முதலில் பார்ப்பவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். முடுக்கம், அழுத்தச் சரிவு (தொலைவுக்கேற்ப அழுத்தம் மாறுவதால் வரும் விசை), கொரியோலிஸ் (பூமியின் சுழற்சியால் காற்றைத் திருப்பும் விசை), ஈர்ப்பு, உராய்வு என்று உறுப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று தோராயமாகக் கணக்குப் போட்டு, சிறியவற்றைக் கழற்றிவிடுவதுதான் அளவுப் பகுப்பாய்வு. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

முதல் படி: எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

முதிர்ந்த வெப்பமண்டலப் புயல் ஒன்றின் கண்சுவர்ப் பகுதியை, அதாவது புயலின் கண்ணைச் சுற்றிக் காற்று மிக வேகமாக வீசும் வளையத்தை, பார்ப்போம். மையத்திலிருந்து தொலைவு 50 கி.மீ., காற்றின் வேகம் 50 மீ/வி. அட்சரேகை 15 டிகிரி என்றால் கொரியோலிஸ் குணகம் சுமார் 4×10⁻⁵. காற்றின் அடர்த்தியை ஒரு கனமீட்டருக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தரையருகே 1.2 வரை இருக்கும்தான். ஆனால் இந்த வேலையில் தசமங்களோடு மல்லுக்கட்டுவது வீண்.

இரண்டாம் படி: ஒவ்வோர் உறுப்பாகக் கணக்கிடுங்கள்

வட்டமடிக்கும் காற்றின் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 2,500 ÷ 50,000 = 0.05 மீ/வி². கொரியோலிஸ்: 4×10⁻⁵ × 50 = 0.002. முதலாவது இரண்டாவதைப் போல் 25 மடங்கு. இந்த விகிதத்துக்கு ரோஸ்பி எண் என்று பெயர். இங்கே கொரியோலிஸை விட்டுவிட்டால் பிழை 4 விழுக்காடுதான், தாராளமாக விடலாம்.

அப்படியானால் முடுக்கத்துக்கு ஈடுகொடுக்க அழுத்தச் சரிவு மட்டுமே மிஞ்சுகிறது. அதுவும் 0.05 இருந்தாக வேண்டும். அடர்த்தி 1 என்பதால், 50 கி.மீ. தொலைவுக்கு அழுத்த வேறுபாடு 0.05 × 50,000 = 2,500 பாஸ்கல், அதாவது 25 ஹெக்டோபாஸ்கல். முதிர்ந்த புயலுக்கு நம்பத்தக்க எண். நான் முதன்முதலில் இதைப் போட்டபோது ஹெக்டோபாஸ்கலைப் பாஸ்கலாக மாற்ற மறந்து, அழுத்த விசை நூறு மடங்கு குறைந்துபோய், அரை நாள் விழித்துக்கொண்டிருந்தேன். அலகுகளைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மூலக்கூறு உராய்வு 10⁻¹¹ அளவில் வரும், யோசிக்காமல் அடித்துவிடலாம். தரையை ஒட்டிய 1 கி.மீ. அடுக்கில் காற்றின் சுழிப்புகள் உண்டாக்கும் உராய்வு வேறு கதை, அதை அப்படி விட முடியாது.

மூன்றாம் படி: இடத்தை மாற்றிப் பாருங்கள்

அதே புயலில் மையத்திலிருந்து 500 கி.மீ. தள்ளிப் போவோம், அங்கே காற்று 15 மீ/வி. முடுக்கம் 225 ÷ 500,000 = 0.00045. கொரியோலிஸ் 0.0006. ரோஸ்பி எண் 0.75. இப்போது இரண்டில் எதையும் விட முடியாது. ஒரே புயல், ஒரே சமன்பாடு. கண்சுவரில் கழற்றிய உறுப்பு வெளிவட்டத்தில் திரும்பி வந்துவிடுகிறது. உள்நோக்கி வரும் காற்றுக்குச் சுழற்சியைக் கொடுப்பதே அந்த உறுப்புதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: செங்குத்துச் சமன்பாட்டின் பொறி

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது. ஓர் இடிமேகத்தில் காற்று 10 மீ/வி வேகத்தில் மேலெழுகிறது. மேகத்தின் உயரம் 10 கி.மீ. வேகத்தின் வர்க்கத்தை உயரத்தால் வகுத்தால் செங்குத்து முடுக்கம் 100 ÷ 10,000 = 0.01. ஈர்ப்பு 9.8. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று முடுக்கத்தை விட்டால் நீர்நிலையியல் சமநிலை (ஈர்ப்பும் அழுத்தச் சரிவும் சரிசமமாக நிற்கும் நிலை) கிடைக்கும். கூடவே, மேகத்தை எழுப்பிய விசையும் காணாமல் போய்விடும்.

ஈர்ப்பும் மேல்நோக்கிய அழுத்தச் சரிவும் ஏறக்குறைய முழுதாக ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே அமைதியான வளிமண்டலத்தின் பங்கை இரண்டிலிருந்தும் முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தோடுதான் முடுக்கத்தை ஒப்பிட வேண்டும். மேகக் காற்று 300 கெல்வின் சுற்றுப்புறத்தைவிட 1 டிகிரி சூடாக இருந்தால் மிதப்பு விசை 9.8 × 1 ÷ 300, சுமார் 0.03. முடுக்கமோ 0.01. இரண்டும் ஒரே தரம், விடவே கூடாது.

1,000 கி.மீ. அகலமுள்ள காற்றழுத்தத் தாழ்வில் காற்று நொடிக்கு 1 செ.மீ. மட்டுமே எழும்பும். அந்த வேகம் மாற ஒரு நாளுக்கு மேல், சுமார் 10⁵ நொடி, ஆகிறது. முடுக்கம் 10⁻⁷. அங்கே மிச்சத்தோடு ஒப்பிட்டாலும் அது ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.