காந்தத் தடுப்புக் கைக்கடிகாரம்: வாங்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எங்கள் மாமா, செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகள் மின்பணி செய்தவர். ஓய்வு பெற்ற கையோடு, சிறிய பட்டறை ஒன்று தயாரித்த, சாவி கொடுத்து ஓட்டும் கைக்கடிகாரத்தை ஆசை ஆசையாக வாங்கினார். அதன் பின்மூடியில் காந்தத் தடுப்பு உண்டு என்று பொறித்திருந்தது. இரண்டே மாதத்தில் அது நாளொன்றுக்கு மூன்று நிமிடம் முந்தி ஓடத் தொடங்கியது. பட்டணத்துக் கடையில் கொடுத்தபோது, அவர்கள் அதைத் திறந்து, வேகத்தைத் திருத்தும் சிறு நெம்புகோலை நகர்த்தி, நேரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.

இதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால், முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காந்தம் ஏறிய ஹேர்ஸ்பிரிங் எனும் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அசையும் நீளம் குறைந்து, அந்த வில்லோடு முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். காரணத்தை விட்டுவிட்டு நெம்புகோலை நகர்த்தினால், நோயை மறைத்ததாகுமே தவிரத் தீர்த்ததாகாது. பின்னர் முறையாகக் காந்தத்தை நீக்கியபோது, மாமாவின் கடிகாரம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பிந்தியது. நெம்புகோலை மறுபடியும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. காந்தம் ஏறிய வழியும் பிறகு தெரிந்தது: இரவுதோறும் அவர் அதைக் கழற்றி, காந்தப் பூட்டு வைத்த கைப்பேசி உறையின் மேல்தான் வைத்திருக்கிறார்.

அடுத்த தவறு, காந்தத் தடுப்பு என்ற சொல்லை எண்ணில்லாமல் நம்புவது. ஐஎஸ்ஓ 764 என்ற பன்னாட்டுத் தரநிலை கேட்பது, மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவுள்ள காந்தப்புலத்தில் கடிகாரம் நிற்காமல் ஓட வேண்டும், வெளியே எடுத்த பின் சாதாரண அளவுள்ள இயந்திரத்தில் நேர மாற்றம் நாளுக்கு 30 வினாடியைத் தாண்டக் கூடாது என்பதுதான். அந்தப் புலம், காஸ் என்ற இன்னொரு அலகின் கணக்கில் சுமார் 60. சிறிய, ஆனால் வலுமிக்க நியோடிமியம் காந்தத்தின் மேற்பரப்பிலோ ஆயிரக்கணக்கான காஸ் இருக்கும். ஜெர்மனியின் சின், டமாஸ்கோ ஆகிய நிறுவனங்கள் தம் கடிகாரங்கள் சிலவற்றுக்குச் சொல்லும், மீட்டருக்கு 80,000 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 1,000 காஸ். ரோலெக்ஸின் மில்காஸ் தன் பெயரிலேயே அந்த ஆயிரத்தைத் தாங்கியிருக்கிறது. ஆகவே வாங்குமுன் எண்ணையும் அலகையும் சேர்த்துக் கேளுங்கள். எண் சொல்ல மறுக்கும் தயாரிப்பாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

அந்த எண்ணை எப்படி எட்டினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு வழி, இயந்திரத்தைச் சுற்றித் தேனிரும்பு எனும் மென்மையான இரும்பாலான உள்கூடு அமைத்து, காந்தப்புலத்தை அதன் வழியே திருப்பிவிடுவது. மற்றொன்று, சிலிக்கான் போன்ற காந்தம் ஏறாத பொருளில் ஹேர்ஸ்பிரிங்கைச் செய்வது. கண்ணாடிப் பின்மூடி வழியாக இயந்திரம் முழுவதும் தெரிகிறதென்றால், அந்தப் பக்கம் இரும்புக் கூடு இல்லை என்றே பொருள். அப்படியானால் தடுப்பு முழுவதும் பாகங்களின் பொருளைத்தான் நம்பியிருக்கிறது. ஹேர்ஸ்பிரிங் மட்டும் சிலிக்கானாக இருந்து மற்ற அச்சுகளும் திருகுகளும் சாதாரண எஃகாக இருந்தால், அவற்றில் காந்தம் ஏறத்தான் செய்யும்.

திசைகாட்டியை வைத்துச் சோதிப்பதிலும் ஏமாற்றம் உண்டு. உள்கூட்டின் இரும்பு, காந்தம் ஏறாமலேயே முள்ளை இழுக்கும். கடிகாரத்தை மெல்லச் சுழற்றும்போது, முள்ளின் ஒரே முனையை ஓரிடம் இழுத்து இன்னோரிடம் விலக்கினால்தான் காந்தம் ஏறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

காந்தம் நீக்கும் சிறு கருவியை வாங்கி வீட்டிலேயே செய்பவர்கள், பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தைக் கை நீளத்துக்கு மெல்ல விலக்கி, அதன் பின்னரே விரலை எடுக்க வேண்டும். கருவியின் மேல் இருக்கும்போதே பொத்தானை விட்டுவிட்டால் முன்னிலும் அதிகமாகக் காந்தம் ஏறக்கூடும். இரும்புக் கூடு உள்ள கடிகாரத்தில் அந்தக் கூடே கருவியின் புலத்தையும் தடுக்கும் என்பதால், திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்துச் செய்ய வேண்டிவரலாம். அது பழகிய கைக்குரிய வேலை.

திறந்தால், மூடுவதில் கவனம் வேண்டும். கூட்டின் உள்மூடியைத் திரும்பப் போட மறந்து, வெளிமூடியை மட்டும் திருகிக் கொடுத்துவிட்டால், வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரியாது. ஆகவே அதை நம் கண்முன் போடச் சொல்லலாம். ரப்பர் வளையத்தையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரமும் வியர்வையும் உள்ளே புகுந்தால், பாதுகாப்புக்கென வைத்த தேனிரும்பே துருப்பிடித்து, அந்தத் துகள் இயந்திரத்துக்குள் விழும்.