வான்கோழி வேட்டையில் துப்பாக்கி உதை: பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி சீசன் நெருங்கும்போது துப்பாக்கி சுடும் திடல்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஒருவர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து புது ஷாட்கன்னால் (ஒரே வெடியில் பல ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) ஒரு வெடி வைப்பார். துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும்; அதுதான் உதை. தோளைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஓர் அசட்டுச் சிரிப்பு. மூன்றாவது வெடிக்குள், விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூட ஆரம்பித்திருப்பார்.

வலி தோளில்தான். ஆனால் முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது: தேவைக்கு மேல் கனமான தோட்டாவை வாங்குவது. 12 கேஜ், அதாவது நம் ஊரில் 12 போர் என்கிறோமே, அந்தக் குழல் அளவுக்கு மூன்றரை அங்குலத் தோட்டா வந்தது 1988-இல். துப்பாக்கி செய்யும் மோஸ்பெர்க்கும் தோட்டா செய்யும் பெடரலும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். வாத்து வேட்டையில் ஈய ரவை போய் எஃகு ரவை வந்துகொண்டிருந்த நேரம் அது. எஃகு லேசானது; பெரிய ரவையாக, நிறைய அடைக்க இடம் தேவைப்பட்டது. பிறகு அதே நீளத் தோட்டாவில் ஈயத்தை நிரப்பி வான்கோழிக்கு விற்றார்கள். சிலவற்றில் 64 கிராம் ஈயம் இருக்கும். பயிற்சிக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் சாதாரணத் தோட்டாவில் 32 கிராம்தான். மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள பம்ப் துப்பாக்கியில் (முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) இதைப் போட்டால், மான் வேட்டைக்கான 30-06 ரைஃபிளை விட ஏறக்குறைய மூன்று மடங்கு உதை வாங்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் இது தேவையே இல்லை. குறி பறவையின் தலையும் கழுத்தும். தூரம் 40 கஜத்துக்குள். மூன்று அங்குலத் தோட்டாவே போதும். டங்ஸ்டன் ரவை வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் என்றால் இது 18. பொடிப்பொடியான ஒன்பதாம் நம்பர் ரவைகூட ஆழமாகப் பாயும் என்பதால் குழல் சிறியதான 20 கேஜும், அதைவிடச் சிறிய .410-உம் வான்கோழிக்குப் போதுமானவை ஆகிவிட்டன. விலைதான் கையைக் கடிக்கும். அதற்காக 20 கேஜ் என்றாலே பூ மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 43 கிராம் டங்ஸ்டன் அடைத்த தோட்டாவை இரண்டரை கிலோ துப்பாக்கியில் போட்டால் அதுவும் சுளீரென்று உதைக்கும். தூக்கித் திரிய எவ்வளவு சுகமோ, சுடும்போது அவ்வளவு வலி. பிள்ளைகளிடம் ‘சின்னத் துப்பாக்கி’ என்று லேசான ஒற்றைக் குழலைக் கொடுத்து அதில் கனத் தோட்டாவைப் போடுவதை என்னால் மன்னிக்கவே முடியாது. அந்தப் பிள்ளை மறுபடி துப்பாக்கியைத் தொடுமா?

இன்னொன்று, உதை சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தோட்டா உட்காரும் அறை மூன்று அங்குலமே உள்ள துப்பாக்கியில் மூன்றரை அங்குலத் தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். சுடக் கூடாது. தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

சரி, திடலுக்கு வருவோம். குறி சரிபார்க்கும் வேலை முழுவதையும் வேட்டைத் தோட்டாவிலேயே செய்வது காசுக்கும் தோளுக்கும் கேடு. முதலில் லேசான தட்டுத் தோட்டாக்களால் குறியைச் சுமாராக ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கடைசியில் 40 கஜத்தில் காகிதம் கட்டி, வேட்டைத் தோட்டா இரண்டு மூன்று சுட்டால் போதும். பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவை விழுந்தால் நல்ல பரவல் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. பெஞ்சில் குனிந்தால் உடம்பு பின்னால் போக வழியில்லை. முதுகு நிமிரும்படி உயரமாக ஏதாவது வைத்துச் சுடுங்கள். மேலே பாரம் ஏற்றித் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் தாங்கிகளும் உண்டு. தோள் தப்பிக்கும், ஆனால் உதை முழுவதும் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் பின்கட்டையில் இறங்கி, மரக்கட்டையாக இருந்தால் விரிசல் விடலாம்.

காட்டில் நடக்கும் தவறுகள் வேறு. வேட்டைக்காரர் அகலமான மரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பாதுகாப்பு, உருவமும் மறையும். ஆனால் வலது தோளும் மரத்தோடு ஒட்டியிருந்தால், துப்பாக்கிக்கும் மரத்துக்கும் நடுவில் தோள் நசுங்கும். வலக்கைக்காரர் என்றால், பறவை வரும் பக்கத்துக்கு இடது தோள் காட்டி உட்கார்ந்து, துப்பாக்கியை இடது முழங்கால்மேல் வைத்து, சுடும் நேரத்தில் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். வான்கோழியின் கண் பொல்லாதது. அது மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, தோகை விரித்து முதுகு காட்டும்போதோதான் அசையலாம்.

பறவை எதிர்பாராத பக்கம் வந்துவிட்டால் அவசரத்தில் கட்டை கையின் மேற்பகுதிக்கு நழுவிவிடும். கறுத்துக் கன்றிப்போகும் காயங்கள் பல அப்படி வந்தவைதான். கட்டைக்கும் தோளுக்கும் இடையே வெஸ்ட்டின் பக்கிள் மாட்டிக்கொள்வதும் உண்டு. கட்டையைத் தோளில் லேசாகத் தொட்டபடி வைப்பது இன்னும் மோசம். இடைவெளி இருந்தால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். தோள்குழிக்குள் இறுக்கமாகப் பதிய வையுங்கள், கன்னத்தையும் கட்டையில் அழுத்துங்கள். கன்னம் தூக்கியிருந்தால் வெடி மேலே போகும், தாடையில் அறையும் விழும். தலையை அதிகம் முன்னால் தள்ளினால் கட்டைவிரல் மூக்கில் குத்தும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் புருவம் கிழியும். சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் குறிகாட்டியில் இந்தப் புருவத் தொல்லை இல்லை.

கண்ணை மூடும் பழக்கம் வந்துவிட்டதா என்று தெரிய ஒரு வழி உண்டு. நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாவையோ போலித் தோட்டாவையோ போடச் சொல்லுங்கள். போலியில் ‘கிளிக்’ என்று மட்டும் கேட்கும்; குழல் முனை தலையாட்டியதா என்று அவர் பார்க்கட்டும். ஆட்டினால், காதில் நுரை அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் போட்டுக்கொண்டு (பாதி பயம் சத்தத்தால்தான்) ஒரு பெட்டி லேசான தோட்டாவைத் தரையில் உட்கார்ந்தே சுட்டுத் தீர்த்துவிடுங்கள். வான்கோழித் தோட்டா சீசன் வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.